இயங்குதளத்திற்கு உரைகல் எது?

பொன்னின் மாற்றை அறியப் பொற்கொல்லர் உரைகல்லை நாடுகின்றார். நெல்லை அளக்க மரக்காலையும், துணியை அளக்க முழக்கோலையும் கையாள்வது நம் நாட்டு வழக்கம். மரக்காலைக் கொண்டு துணியை அளக்க முற்படுவாரைக் கண்டால் நாம் நகைப்போம். ஆயினும், வீடுதோறும் பள்ளிதோறும் இன்று இடம்பெற்றுவிட்ட கணினியைப் பற்றிய பேச்சில் இத்தகைய பொருந்தா அளவை நாள்தோறும் நடைபெறுகின்றது. "இந்த இயங்குதளம் விரைவானது, அந்த இயங்குதளம் மந்தமானது" என்று ஏதோ ஒரு மதிப்பெண்ணைச் சுட்டிப் பலர் முடிவு கூறுகின்றனர். அம்மதிப்பெண் எதனை அளந்தது, எவ்வாறு அளந்தது, நம் வேலைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்னும் வினாக்களை எழுப்புவோர் சிலரே. மேசைக் கணினிகளின் இயங்குதளங்களை ஒப்பிடுவதற்குத் தக்க அளவை எது, அதனைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். 'பெஞ்ச்மார்க்' என்று கணினித் துறையார் வழங்குவதனை நாம் இங்கு 'உரைகல் சோதனை' என்றே வழங்குவோம்.

முதற்கண் இயங்குதளம் என்பது யாதெனத் தெளிதல் வேண்டும். விண்டோஸ், லினக்ஸ், மேக் ஓஎஸ் ஆகியவை இயங்குதளங்கள். அவற்றின் தொழிலை அறியக் கலியாண வீடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். சமையற்காரர் அடுப்படியில் இருக்கின்றார். பரிமாறுவோர் பலர் இருக்கின்றனர். இவர்களுக்கிடையே பந்தி விசாரிப்பவர் ஒருவர் உண்டு. அவர் அரிசியை வேகவைப்பதில்லை, காய் நறுக்குவதுமில்லை. யாரை எந்தப் பந்தியில் அமர்த்துவது, எந்த இலைக்கு எப்போது சாம்பார் போகவேண்டும், வந்தவர்களைக் காக்க வைக்காமல் எங்ஙனம் கவனிப்பது என்பனவே அவர் பொறுப்பு. கணினியில் பிராசசர் எனப்படும் செயலி சமையற்காரரை ஒத்தது. இயங்குதளம் பந்தி விசாரிப்பவரை ஒத்தது. எந்த நிரலுக்கு எப்போது செயலியின் நேரத்தை அளிப்பது, நினைவகத்தை எங்ஙனம் பங்கிடுவது, கோப்புகளை வட்டில் எவ்விடத்தில் வைப்பது, அச்சுப்பொறியோடும் வலைத்தொடர்போடும் எங்ஙனம் உறவாடுவது என்பவை அதன் கடமைகள். சோறு எத்தனை நிமிடத்தில் வெந்தது என்று பார்த்துப் பந்தி விசாரிப்பவரின் திறமையை மதிப்பிட இயலாது. இவ்வுண்மையை மனத்திற் கொண்டால், இயங்குதளங்களைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இப்பொருள் வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று என்பதற்குக் கோபாலபுரம் நல்ல சான்று. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில், தமிழகமும் கேரளமும் சந்திக்கும் எல்லையில் அமைந்தது இவ்வூர். கேரளப் பள்ளிகளில் 'ஐடி அட் ஸ்கூல்' என்னும் திட்டத்தின் வழியாகவும், 2017-ஆம் ஆண்டில் அது 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக மாறிய பின்னரும், லினக்ஸ் அடிப்படையிலான கட்டற்ற மென்பொருளே பாடத்திற்குப் பயன்பட்டு வருகின்றது. எல்லைக்கு இப்பால், தமிழ்நாட்டு அரசு 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸும், சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் ஒரே கணினியில் இடம்பெற்றன. சித்தூர் வட்டத்தின் தமிழ்வழிப் பள்ளியில் லினக்ஸில் பயிலும் பிள்ளையும், பொள்ளாச்சிப் பக்கத்தில் விண்டோஸில் பழகிய பிள்ளையும் உறவினராகவோ அயலாராகவோ இருப்பது இவ்வெல்லையில் இயல்பு. இடுக்கி மாவட்டத்தின் தோட்டப் பகுதிகளிலும் இந்நிலையே காணப்படும். ஆதலின், எது சிறந்தது என்னும் வழக்கு இங்கே வீட்டுத் திண்ணையிலேயே எழுகின்றது.

அண்மைக் காலத்தில் இவ்வழக்கு பணத்தைப் பற்றியதாகவும் ஆகிவிட்டது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிற்பட்ட செயலியையும் வேண்டி நிற்கின்றது. பல பழைய கணினிகளில் இவை இல்லை. இந்நிலையில், விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தும், சான்றிதழ்களை அச்சிட்டுக் கொடுத்தும் பிழைக்கும் சிறு கணினி மையத்தார் ஒருவர் என் செய்வார்? புதிய கணினி வாங்குவதா, பழைய கணினியில் லினக்ஸை நிறுவுவதா, வேறு ஏதேனும் ஓர் உறுப்பை மட்டும் மாற்றுவதா என்னும் வினா அவர்முன் நிற்கின்றது. தவறான உரைகல்லை நம்பினால் அவருடைய ஆண்டுச் சேமிப்பு வீணாகும். சரியான உரைகல் அப்பணத்தைக் காக்கும்.

உரைகல் சோதனைகளின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1972-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் 'வெட்ஸ்டோன்' என்னும் சோதனை நிரல் எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் அச்சொல் சாணைக்கல்லைக் குறிக்குமாயினும், இங்கு அது ஓர் ஊரின் பெயர். அவ்வூரில் உருவான மொழிமாற்றி நிரல் ஒன்றின் வழியாக அப்பெயர் வந்தது. பதின்மக் கணக்குகளை ஒரு கணினி எவ்வளவு விரைவாகச் செய்கின்றது என்பதை அது அளந்தது. 1984-ஆம் ஆண்டில் ரைன்ஹோல்ட் வைக்கர் என்பார் 'டிரைஸ்டோன்' என்னும் மற்றொன்றை இயற்றினார். 'வெட்' என்றால் ஈரம். 'டிரை' என்றால் உலர்வு. இச்சிலேடையே பெயருக்குக் காரணம். ஆனால் நாளடைவில் ஒரு குறை வெளிப்பட்டது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்கள், இச்சிறு சோதனையின் சில பகுதிகள் பயனற்றவை எனக் கண்டு அவற்றை விலக்கிவிடக் கற்றுக்கொண்டன. இயந்திரம் அதுவேயாக இருக்க, மதிப்பெண் மட்டும் உயர்ந்தது. இக்குறையைப் போக்கும் நோக்கத்துடன் 1988-ஆம் ஆண்டில் 'ஸ்பெக்' என்னும் கூட்டமைப்பு தோன்றிற்று. செயற்கையான சிறு நிரல்களை விடுத்து, மெய்யான வேலைகளைச் செய்யும் நிரல்களையே சோதனைக்கு எடுத்துக்கொள்ளுதல் வேண்டும் என்பது அதன் கொள்கை. இவ்வரலாறு புகட்டும் பாடம் ஒன்றுண்டு: வேலையை ஒத்த போலியைக் காட்டிலும் வேலையே சிறந்த உரைகல்.

இனி, மக்கள் பெரிதும் நம்பும் நான்கு அளவைகளை எடுத்துக்கொண்டு அவற்றின் நிறைகுறைகளை ஆராய்வோம்.

முதலாவது, கணக்கிடும் திறனைக் காட்டும் மதிப்பெண். பகா எண்களைக் கண்டுபிடித்தல், நீண்ட பெருக்கல்களைச் செய்தல் போன்றவற்றை ஒரே கணினியில், ஒரே வகையாக மொழிமாற்றப்பட்ட நிரலைக் கொண்டு, விண்டோஸிலும் லினக்ஸிலும் செய்து பாருங்கள். விடை வரும் நேரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஏனெனில் இங்கே அடுப்பு எரிகின்றது. பந்தி விசாரிப்பவருக்கு வேலையில்லை. பெரிய வேறுபாடு காணப்படின், மொழிமாற்றி நிரலோ மின்சிக்கன அமைப்போ வேறாக இருக்கின்றதா என்று முதலில் ஐயுறுதல் வேண்டும். விண்டோஸ் விஸ்டாவிலும் விண்டோஸ் 7-இலும் கணினிக்கு ஒரு மதிப்பெண் காட்டப்பட்டதைச் சிலர் நினைவு கூரலாம். செயலி, நினைவகம், வரைகலை, வட்டு ஆகியவற்றின் தனித்தனி மதிப்பெண்களுள் எது மிகக் குறைவோ அதுவே முழுக் கணினியின் மதிப்பெண்ணாக அதில் அமைந்தது. அஃது அளந்தது இயந்திரத்தையே, இயங்குதளத்தை அன்று.

இரண்டாவது, கணினி விழித்தெழும் நேரம். பொத்தானை அழுத்தியதிலிருந்து திரை தோன்றும் வரையுள்ள நொடிகளை எண்ணி ஒப்பிடுவது பெருவழக்கு. இதில் மறைந்துள்ள நுட்பம் ஒன்றுண்டு. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதலாக, கணினியை நிறுத்தும்போது இயங்குதளத்தின் உட்பகுதியை வட்டில் எழுதி வைத்து, மறுநாள் அதனை அப்படியே மீட்டெடுக்கும் முறை வழக்கத்திற்கு வந்தது. அது முழு விழிப்பன்று. அரைத் தூக்கத்திலிருந்து எழுவது. முழுவதும் உறங்கி எழும் லினக்ஸோடு அதனை ஒப்பிடுதல் முறையாகாது. 'ரீஸ்டார்ட்' என்னும் கட்டளையை இட்டால் விண்டோஸும் முழுமையாக எழுகின்றது. ஆதலின் இரண்டு முறைகளையும் தனித்தனியே அளந்து குறித்தல் நன்று. மேலும், திரை தோன்றியவுடன் கடிகாரத்தை நிறுத்துதல் தவறு. திரை தோன்றிய பின்னரும் உள்ளே பல வேலைகள் நடந்துகொண்டிருக்கும். சுட்டியை அழுத்தினால் மறுமொழி வாராது. வாடிக்கையாளரின் விண்ணப்பப் படிவம் திறந்து, முதல் எழுத்தைத் தட்டச்சு செய்ய இயன்ற கணத்திலேயே கடிகாரத்தை நிறுத்துதல் வேண்டும்.

மூன்றாவது, கோப்பைப் படியெடுக்கும் நேரம். பென் டிரைவில் ஒரு பெரிய கோப்பைப் படியெடுக்கும்போது, லினக்ஸ் அதனை முதலில் நினைவகத்தில் ஏற்றுக்கொண்டு, பிறகு மெல்ல எழுதுவது உண்டு. திரையில் 'முடிந்தது' என்று தோன்றியபின்னும் பென் டிரைவின் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். அப்போதே பிடுங்கினால் கோப்பு கெடும். எனவே, பாதுகாப்பாக வெளியேற்றும் கட்டளையை இட்டு, அது நிறைவேறும் வரையுள்ள நேரத்தையே அளத்தல் வேண்டும். இதனோடு தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்று 2007-ஆம் ஆண்டில் நேர்ந்தது. அவ்வாண்டு மக்களிடம் வந்த விண்டோஸ் விஸ்டா, பல சமயங்களில் கோப்புகளை நினைவகத்தில் தேக்கி வைக்காமல் நேரே வட்டில் எழுதிய பின்னரே முடிந்ததாகக் காட்டிற்று. முன்னைய பதிப்போ, எழுதி முடியுமுன்பே முடிந்ததாகக் காட்டியது. ஆதலின் புதியது மந்தம் என்னும் பெயரைச் சுமந்தது. 2008-இல் வந்த 'சர்வீஸ் பேக் 1' திருத்தத்தில் மைக்ரோசாஃப்ட் பெரும்பாலும் பழைய முறைக்கே திரும்பியது. கண்ணுக்குத் தெரியும் முடிவும் மெய்யான முடிவும் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

நான்காவது, நினைவகச் செலவு. "இந்த இயங்குதளம் இத்தனை ரேமை விழுங்குகின்றது" என்று குறை கூறுவர். விண்டோஸும் லினக்ஸும், வேலையற்றுக் கிடக்கும் நினைவகத்தில், பின்னர்த் தேவைப்படக்கூடிய கோப்புகளை முன்கூட்டியே வைத்துக்கொள்கின்றன. வேறு நிரலுக்கு இடம் வேண்டுமாயின் உடனே விட்டுக்கொடுக்கின்றன. பந்திக்கு முன்பே இலை போட்டு வைப்பதை வீண்செலவு என்று கூறுவோமா? நினைவகம் எவ்வளவு நிரம்பியுள்ளது என்பது வினாவன்று. 4 ஜிபி நினைவகமுள்ள கணினியில், நாள்தோறும் திறக்கும் வலைப்பக்கங்களையும், ஆவணங்களையும், ஒளிவருடும் கருவியின் நிரலையும் ஒருங்கே திறந்து வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது எத்தனை நொடி காத்திருக்க நேர்கின்றது என்பதே வினா.

இந்நான்கையும் ஆராய்ந்ததில் ஓர் உண்மை புலப்படுகின்றது. ஒரு வேலையில் காலம் எங்கே கழிகின்றது என்பதை அறியாமல் செய்யும் சோதனை வீண். கோபாலபுரத்தாருக்கு இதனை விளக்குதல் எளிது. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டிற்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். 2017-ஆம் ஆண்டில் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வருவதற்கு முன்னர், எல்லையிலுள்ள வரிச் சாவடிகளில் சரக்கு வண்டிகள் வரிசையில் நின்றதை இப்பகுதியார் மறந்திரார். தேங்காய் ஏற்றிய லாரி ஒன்று சாலையில் ஓடுவது 1 மணி நேரம், சாவடியில் நிற்பது 3 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். லாரியின் வேகத்தை இருமடங்காக்கினாலும் மிச்சமாவது அரை மணியே. 4 மணி நேரப் பயணம் 3 மணி 30 நிமிடமாகக் குறையும். சாவடியில் காத்திருக்கும் நேரத்தைப் பாதியாக்கினாலோ ஒன்றரை மணி மிச்சமாகும். 1967-ஆம் ஆண்டில் ஜீன் ஆம்டால் என்னும் கணினி அறிஞர் எடுத்துரைத்த விதி இதனைச் சார்ந்ததே: ஒரு பகுதியை எவ்வளவு விரைவுபடுத்தினாலும், மொத்தப் பயன் அப்பகுதி வகிக்கும் பங்கிற்கு மேற்படாது.

பழைய கணினிகளில் இத்தகைய சாவடியாக நிற்பது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் எனப்படும் சுழலும் வன்தட்டே. நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வன்தட்டில், வேண்டிய இடத்தைத் தேடி எடுப்பதற்கு ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கிற்கும் சற்று மிகுதியான நேரம் ஆகும். எஸ்எஸ்டி எனப்படும் திண்ம வட்டில் அத்தேடல் ஏறத்தாழ நூறு மடங்கு விரைவில் நிறைவேறும். இயங்குதளம் ஒன்று எழும்போது இத்தகைய தேடல்கள் ஆயிரக்கணக்கில் நிகழ்கின்றன. எனவே, வன்தட்டுள்ள கணினியில் விண்டோஸையும், திண்ம வட்டுள்ள கணினியில் லினக்ஸையும் வைத்து ஒப்பிடுவார், வட்டுகளை ஒப்பிட்டவரே ஆவர். நாம் முன்னர்க் கூறிய மையத்தார் முறையாகச் சோதித்தால், குற்றம் இயங்குதளத்தினுடையதன்று, வட்டினுடையதே என்று தெரியவரலாம். அப்போது புதிய கணினிக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கிலேயே குறை தீரும். விண்டோஸா லினக்ஸா என்னும் முடிவை அவர் பாதுகாப்பையும் வசதியையும் கருதி அமைதியாக எடுக்கலாம்.

சோதனை நேர்மையாக அமைவதற்குச் சில நெறிகள் உண்டு. இரண்டு இயங்குதளங்களும் ஒரே கணினியில் சோதிக்கப்படுதல் வேண்டும் என்பது முதல் நெறி. ஆனால் இதிலும் ஒரு கண்ணி உள்ளது. சுழலும் வன்தட்டின் வெளி வட்டங்களில் எழுதவும் படிக்கவும் ஆகும் வேகம் உள் வட்டங்களில் கிட்டுவதில்லை. ஒரே வன்தட்டை இரண்டாகப் பிரித்து, முற்பகுதியில் ஒன்றையும் பிற்பகுதியில் மற்றொன்றையும் நிறுவினால், பின்னது இடத்தால் பின்தங்கும். ஒரே வகையான இரண்டு வட்டுகளை மாற்றி மாற்றிப் பொருத்துவதே சரியான வழி. லினக்ஸை நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்த்து "மந்தம்" என்று கூறுவதும் பிழை. அங்கே மந்தமாக இருப்பது பென் டிரைவ். நான்கு ஆண்டுகள் உழைத்துக் களைத்த பழைய விண்டோஸை, நேற்று நிறுவிய லினக்ஸோடு ஒப்பிடுவதும் முறையன்று. இரண்டையும் புதிதாக நிறுவி, வேண்டிய புதுப்பித்தல்களை முடித்து, பின்னணி வேலைகள் அடங்கும் வரை பொறுத்திருந்து, பின்னரே தொடங்குதல் வேண்டும். நாள்தோறும் நச்சுநிரல் தடுப்பான் இயங்குமாயின் சோதனையிலும் அஃது இயங்கவேண்டும். உலாவியும் ஆவணச் செயலியும் இரண்டிலும் ஒரே பதிப்பினவாக இருத்தல் இன்றியமையாதது.

ஒரு முறை அளந்து முடிவு கூறுதல் கூடாது. ஒவ்வொரு வேலையையும் ஐந்து முறையேனும் செய்து, கிடைத்த நேரங்களை ஏறுவரிசையில் எழுதி, நடுவில் நிற்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுதல் நன்று. மிகக் குறைந்ததையும் மிக உயர்ந்ததையும் உடன் குறித்து வைக்கவேண்டும். கணினியைத் தொடங்கியபின் முதன்முறை ஒரு கோப்பைத் திறப்பதற்கும் இரண்டாம் முறை திறப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இரண்டாம் முறை அது நினைவகத்திலேயே காத்திருக்கும். ஆகையால் முதல் திறப்பைத் தனியாகவும் மற்றவற்றைத் தனியாகவும் எழுதுதல் வேண்டும். கைக்கடிகாரத்தைக் கொண்டு அளக்கும்போது விரல் அசைவிலேயே ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். எனவே மிகக் குறுகிய வேலைகளை இருபது முறை தொடர்ந்து செய்து மொத்த நேரத்தை வகுத்துக்கொள்ளலாம். தட்பவெப்பத்தையும் மறத்தலாகாது. பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியின் ஏப்ரல் மாதத்து நண்பகல் வெப்பத்தில், மடிக்கணினியின் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒன்றைக் காலையிலும் மற்றொன்றை நண்பகலிலும் சோதித்தால், அளந்தது இயங்குதளத்தை அன்று, வெயிலை என்றே ஆகும்.

அடுத்து, எந்த வேலைகளைச் சோதனைக்குத் தேர்ந்தெடுப்பது? ஒரு வாரம் நாம் செய்யும் வேலைகளை ஒரு தாளில் குறித்து, எது எத்தனை முறை நிகழ்கின்றது என்று எண்ணுதலே சிறந்த வழி. எல்லையிலுள்ள கணினி மையத்தில் அவை பெரும்பாலும் இவையாக இருக்கும்: காலையில் கணினியைத் தொடங்குதல், அரசின் வலைத்தளத்தில் படிவத்தைத் திறத்தல், அடையாளச் சான்றை ஒளிவருடிச் சேர்த்தல், தமிழிலும் மலையாளத்திலும் விண்ணப்பம் தட்டச்சு செய்தல், அதனைப் பிடிஎஃப் கோப்பாக மாற்றுதல், அச்சிடுதல், பென் டிரைவில் படியெடுத்துக் கொடுத்தல். ஆறேழு வேலைகள் போதும். ஒளிப்பட விளையாட்டில் நொடிக்கு எத்தனை படங்கள் தோன்றுகின்றன என்பது அம்மையத்திற்கு வேண்டாத கணக்கு. விளையாட்டில் ஈடுபடும் இளைஞருக்கோ அதுவே முதற்கணக்கு. அச்சிடும் வேலையைச் சோதனையில் சேர்ப்பது மிகவும் பயன் தரும். ஒரே அச்சுப்பொறி, அதற்குரிய இயக்கி மென்பொருளின் தரத்தைப் பொறுத்து, ஓர் இயங்குதளத்தில் உடனே பணிபுரியும், மற்றொன்றில் தயங்கும். ஆயத்தமான சோதனைத் தொகுப்பு வேண்டுவோர்க்கு, 2008-ஆம் ஆண்டு முதல் வெளிவரும் 'ஃபோரானிக்ஸ் டெஸ்ட் சூட்' போன்றவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அது லினக்ஸிலும் விண்டோஸிலும் இயங்கும். எனினும், அதிலுள்ள பலநூறு சோதனைகளுள் நம் வேலையை ஒத்த சிலவற்றையே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

வேகத்தோடு விளைவின் செம்மையையும் காணுதல் வேண்டும். மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நாம் இதனை அழுத்திக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். லதா, நிர்மலா போன்ற எழுத்துருக்களைக் கொண்டு விண்டோஸில் அமைத்த தமிழ் ஆவணத்தை, அவ்வெழுத்துருக்கள் இல்லாத லினக்ஸில் திறந்தால், லோஹித் அல்லது நோட்டோ எழுத்துருவில் அது தோன்றும். வரிகள் இடம் மாறி, பக்கங்களின் எண்ணிக்கையும் மாறக்கூடும். விரைவாகத் திறந்தும் விண்ணப்பத்தின் கட்டங்கள் குலைந்துவிட்டால் பயன் யாது? குலைந்ததைச் சீர்செய்யும் நேரத்தையும் கணக்கில் சேர்த்தலே முறை.

கிடைத்த எண்களைத் தொகுப்பதில் உள்ள இடர் ஒன்றைக் காட்ட ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். முதல் இயங்குதளம் விழித்தெழ 20 நொடியும், ஓர் ஆவணத்தை மாற்ற 60 நொடியும் எடுக்கின்றது. இரண்டாவது, விழித்தெழ 40 நொடியும், ஆவணத்தை மாற்ற 30 நொடியும் எடுக்கின்றது. முதலாவதை அடிப்படையாகக் கொண்டால், இரண்டாவது ஒரு வேலையில் 2 மடங்கும் மற்றொன்றில் அரை மடங்கும் நேரம் கொள்கின்றது, சராசரி 1.25. எனவே இரண்டாவது நூற்றுக்கு 25 பங்கு மந்தம் என்று தோன்றும். இரண்டாவதை அடிப்படையாகக் கொண்டு அதே கணக்கைச் செய்தால், முதலாவது நூற்றுக்கு 25 பங்கு மந்தம் என்று வரும். இரண்டும் ஒன்றைவிட மற்றொன்று மந்தம் என்பது நகைப்பிற்குரிய முடிவன்றோ? விகிதங்களைக் கூட்டிச் சராசரி காண்பதால் விளையும் பிழை இது. வல்லுநர் இதனைத் தவிர்க்கப் பெருக்குச் சராசரியைக் கையாள்வர். நமக்கோ அதனினும் எளிய வழி உண்டு. நாளொன்றுக்குக் கணினியை 1 முறை தொடங்கி, ஆவணங்களை 15 முறை மாற்றுகின்றோம் என்று கொள்வோம். முதலாவதில் ஆகும் காலம் 920 நொடி. இரண்டாவதில் 490 நொடி. அஃதாவது, நாளொன்றுக்கு 7 நிமிடத்திற்கும் மேலாக மிச்சம். எத்தனை முறை என்னும் எண்ணால் பெருக்கியவுடன் குழப்பம் அகன்றுவிடுகின்றது. அன்றியும், கணினியை நாளுக்குப் பன்முறை நிறுத்தித் தொடங்குபவருக்கு விடை வேறாகலாம். அது சோதனையின் குறையன்று. அவர் வேலை வேறு என்பதன் அடையாளம்.

வேறுபாடு எவ்வளவாயின் பொருட்படுத்தத்தக்கது என்பதையும் அறிதல் வேண்டும். கணினியைக் கையாளும் மாந்தரின் இயல்பை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1993-ஆம் ஆண்டில் மூன்று எல்லைகளை எடுத்துரைத்தார். பத்தில் ஒரு நொடிக்குள் மறுமொழி வந்தால் உடனே வந்ததாக மனம் கொள்ளும். 1 நொடி வரை எண்ண ஓட்டம் தடைப்படாது. 10 நொடியைக் கடந்தால் கவனம் வேறு பக்கம் திரும்பிவிடும். இவ்வெல்லைகளுள் ஒன்றைத் தாண்டாத வேறுபாடு, அடிக்கடி நிகழும் வேலையில் அன்றி, பெரிதாகக் கருதத்தக்கதன்று. ஐந்து முறை அளந்ததில் இரண்டின் நேரங்களும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தால், வெற்றி தோல்வி கூறாது 'சமம்' என்று எழுதிவிடுவதே நேர்மை.

பிறர் வெளியிடும் எண்களைப் படிக்கும்போது, அவற்றை வெளியிடுவார் யார், அவர்க்கு அதனால் ஊதியம் உண்டா என்று பார்த்தல் வேண்டும். 2011-ஆம் ஆண்டில் ஏஎம்டி நிறுவனம், 'சிஸ்மார்க்' என்னும் பெயர்பெற்ற அலுவலகச் சோதனை நடுநிலையானதன்று என்று குறைகூறி, அதனை உருவாக்கிய கூட்டமைப்பிலிருந்து விலகிற்று. 2013-இல், சில கைப்பேசிகள் சோதனை நிரலின் பெயரைக் கண்டவுடன் தம் வேகத்தைக் கூட்டிக்கொண்டன என்னும் செய்தி வெளியாயிற்று. ஓர் அளவை இலக்காக ஆக்கப்பட்டவுடன் அளவையாக நிற்கும் தகுதியை அது இழந்துவிடுகின்றது என்னும் கருத்து, 1975-இல் பொருளியல் அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் எழுதியதிலிருந்து கிளைத்தது. தேர்வு வினாக்களை முன்கூட்டியே அறிந்த மாணவனின் மதிப்பெண் அவன் கல்வியைக் காட்டாது. நம்முடைய வேலைப்பட்டியலைக் கொண்டு நாமே செய்யும் சோதனைக்கு இக்கேடு இல்லை. அவ்வினாத்தாளை விற்பனையாளர் கண்டதில்லை.

இறுதியாக, வேகம் ஒன்றே இயங்குதளத்தின் தகுதியன்று. கேரளப் பள்ளிகளில் 2 லட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகளில் லினக்ஸின் புதிய பதிப்பு இடம்பெறும் என்று 2019-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டபோது, உரிமக் கட்டணத்தில் மிச்சமாகும் தொகை 3000 கோடி ரூபாய் எனக் கணக்கிடப்பட்டதே பெரிதாகப் பேசப்பட்டது; நொடிக்கணக்கு அன்று. பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை ஆண்டுகள் வரும், தாய்மொழியில் பணிபுரிய இயலுமா, பழுது நேர்ந்தால் அருகில் உதவி கிட்டுமா என்பனவும் சீர்தூக்கத்தக்கவை. உரைகல் பொன்னின் மாற்றைக் கூறும்; நகையின் அழகையோ, அது நமக்கு வேண்டுமா என்பதையோ கூறாது. அது கூறும் ஒன்றைச் சரியாகக் கேட்டறிதல் நம் கடமை. தன் ஒரு வாரத்து வேலையை ஒரு தாளில் எழுதி, ஒரே கணினியில், ஐந்து முறை அளந்து, முறைகளால் பெருக்கிக் கூட்டிய சிறு கணக்கு, விளம்பரத்தில் மின்னும் எந்தப் பெரிய எண்ணைக் காட்டிலும் ஒருவர்க்கு உற்ற துணையாகும். அத்தாளுக்குச் செலவு ஒன்றுமில்லை. அதனை எழுதாமல் வாங்கும் கணினிக்கே செலவு மிகுதி.